மெய்ப்பிக்க வேண்டியவர் யார்? படைவீரர் இயலாமை ஓய்வூதிய மேல்முறையீடுகளின் வரலாறு

பெங்களூருவின் அல்சூர் ஏரிப் பக்கம் அமைந்துள்ள மதராஸ் இன்ஜினியர் குரூப்பின் வளாகம், தமிழ்ச் சமூக வரலாற்றை ஆராய்வோர் அதிகம் கவனிக்காத ஓர் இடம். 1780இல் மதராஸ் பயனியர்களாகத் தொடங்கிய அப்படைப்பிரிவு 1834 முதல் பெங்களூருவைத் தன் இருப்பிடமாகக் கொண்டுள்ளது. தென்னிந்திய மாவட்டங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக அதில் சேர்ந்தவர்களை இன்றும் படைவழக்கில் 'தம்பி' என்றே அழைக்கின்றனர். காஞ்சிபுரம் வட்டாரத்தின் கீழொட்டிவாக்கத்தில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன் இப்பிரிவைச் சேர்ந்தவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மின்யானோ அருகே, வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மீது தம் உடலைக் கிடத்தித் தோழர்களைக் காத்து உயிர்நீத்தார். ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற முதல் இந்தியர் அவரே.

அவருடைய இறப்பு படைப்பணியால் விளைந்ததா என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். இடம், நாள், வெடிப்பொருள், கண்டவர் சான்று ஆகிய அனைத்தும் அங்கு இருந்தன. ஆனால், உடல்நலம் குன்றிப் படையை விட்டு வெளியேறும் வீரர்களில் பலருக்கு இத்தகைய சான்று வாய்ப்பதில்லை. வலிப்பு, மனப்பிறழ்வு, செவித்திறன் இழப்பு, உயர் இரத்த அழுத்தம், இதயநோய் ஆகியவற்றுக்குப் போர்க்களமும் இல்லை, நாட்குறிப்பும் இல்லை. இருபது வயதில் நலமாகச் சேர்ந்தவர் முப்பது வயதில் நோயுடன் வீடு திரும்புகிறார். இடைப்பட்ட ஆண்டுகளே அந்நோய்க்குக் காரணம் என்று அவர் சொல்கிறார். அல்ல என்று அரசு சொல்கிறது. இருவரில் எவர் மெய்ப்பிக்க வேண்டும் என்ற ஒரு கேள்வியைச் சுற்றியே இந்திய இயலாமை ஓய்வூதியத்தின் வரலாறு சுழன்று வந்துள்ளது.

1. விதி பிறந்த சூழல்

முதல் உலகப்போர் உடல் சிதைந்த வீரர்களைப் பெருந்திரளாக ஊர்களுக்கு அனுப்பியது. அவர்களுக்கு அதுவரை அரசின் கருணையாகக் கிடைத்து வந்த ஓய்வூதியம், பிரிட்டனில் போருக்குப் பின் சட்ட உரிமையாகவும் மேல்முறையீட்டுக்கு உரியதாகவும் மாறியது. இந்தியாவில் ஊனமுற்ற வீரர்களுக்குத் தொழில் கற்பிக்க 1917இல் பம்பாயில் குயின் மேரி தொழில்நுட்பப் பள்ளி தொடங்கப்பெற்றது. ஆயினும், நோயைப் பொறுத்தவரை மெய்ப்பிக்கும் பொறுப்பு நெடுங்காலம் கோரிக்கையாளர் மீதே இருந்தது.

இரண்டாம் உலகப்போரின் நடுவில், 1943இல், பிரிட்டன் இந்நிலையை மாற்றியது. நலமாகச் சேர்ந்தவர் நோயுடன் வெளியேறினால், அந்நோய் பணியால் வந்ததல்ல என்று காட்டும் பொறுப்பு அரசுக்கு உரியதாயிற்று. அதே ஆண்டில் ஓய்வூதிய மேல்முறையீட்டுத் தீர்ப்பாயங்களுக்கான சட்டமும் இயற்றப்பட்டது. அத்தீர்ப்பாயங்களிலிருந்து வரும் வழக்குகளை விசாரித்த நீதிபதி டென்னிங், 1947இல் மில்லர் வழக்கில் வழங்கிய தீர்ப்பு, 'நியாயமான ஐயத்திற்கு அப்பால்' என்ற சொல்லாட்சியை விளக்கியதற்காக இன்றும் சட்டக் கல்லூரிகளில் பயிலப்படுகிறது. குற்றவியல் வகுப்பில் அதைப் படிக்கும் மாணவர்களில் பலர், அது ஒரு படை அதிகாரியின் கைம்பெண் தொடுத்த ஓய்வூதிய வழக்கு என்பதை அறிவதில்லை. கணவர் புற்றுநோயால் இறந்தது படைப்பணியின் விளைவு என்பது அவர் வாதம். மெய்ப்பிக்கும் பொறுப்பைப் பற்றிய புகழ்பெற்ற விளக்கத்தைப் பெற்றுத் தந்த அப்பெண்மணி தம் வழக்கில் தோற்றார் என்பதும் நினைவுகூரத் தக்கது. விதி ஒருவருக்கு ஆதரவாக இருப்பதும் தீர்ப்பு ஆதரவாக அமைவதும் வேறு வேறு என்பதற்கு அதுவே முதற்சான்று.

விடுதலை பெற்ற இந்தியாவின் விதிகளும் இம்மரபிலேயே அமைந்தன. 1961ஆம் ஆண்டின் தரைப்படை ஓய்வூதிய ஒழுங்குமுறைகளில் 173ஆவது விதி இரண்டு நிபந்தனைகளை வகுத்தது. நோயோ காயமோ படைப்பணியால் விளைந்ததாகவோ படைப்பணியால் மிகுந்ததாகவோ இருக்க வேண்டும். இயலாமை 20 விழுக்காடு அல்லது அதற்கு மேல் மதிப்பிடப்பட வேண்டும். 1982ஆம் ஆண்டின் உரிமை விதிகள் மேலும் தெளிவாகப் பேசின. பணியில் சேரும்போது குறை எதுவும் பதிவு செய்யப்படவில்லையெனில் அவர் நலமாக இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்றது 5ஆவது விதி. உரிமைக்கான நிபந்தனைகளை மெய்ப்பிக்குமாறு கோரிக்கையாளரைக் கேட்கலாகாது, நியாயமான ஐயத்தின் பலன் அவருக்கே சேர வேண்டும், களப்பணியில் இருந்தோர்க்கு அப்பலனை இன்னும் தாராளமாக வழங்க வேண்டும் என்றது 9ஆவது விதி.

14ஆவது விதியில்தான் சிக்கல் இருந்தது. சேரும்போது பதிவாகாத நோய் பணிக்காலத்தில் தோன்றியதாகவே பொதுவாகக் கொள்ளப்படும். ஆனால், சேர்க்கையின்போது நடந்த பரிசோதனையில் அதைக் கண்டறிந்திருக்க இயலாது என்று மருத்துவர்கள் காரணம் காட்டிக் கருதினால், அந்த அனுமானம் விலகும். பணிக்காலத்தில் தோன்றியது என்று ஏற்கப்பட்ட பின்னும், பணிச்சூழல் அதற்குக் காரணமாகவோ துணையாகவோ இருந்ததா என்ற இரண்டாம் கேள்வி எஞ்சும். பின்வந்த வழக்குகள் பலவும் 'காரணம் காட்டி' என்ற இரு சொற்களைச் சுற்றியே நடந்தன.

2. ஒரு கோப்பின் பயணம்

பெங்களூருவில் பணிபுரிந்து, உடல்நலக் குறைவால் விடுவிக்கப்படும் ஒரு சிப்பாயின் கோப்பு எங்கெங்கே சென்றது என்பதைப் பின்தொடர்ந்தால், விதிக்கும் நடைமுறைக்கும் உள்ள தொலைவு புலப்படும். விடுவிக்கும் முன் படை மருத்துவர்கள் அடங்கிய மருத்துவ வாரியம் கூடி அவரைப் பரிசோதிக்கும். நோயின் பெயர், இயலாமையின் விழுக்காடு, அது பணியால் விளைந்ததா, மிகுந்ததா என்ற வினாக்களுக்கு அச்சிட்ட படிவத்தில் விடை எழுதும். 'விளைந்ததும் அன்று, மிகுந்ததும் அன்று' என்ற விடை அத்தனை வழக்கமானது. அதன் ஆங்கிலச் சுருக்கமான 'என்.ஏ.என்.ஏ.' படைவீரர்களிடையே தனிச்சொல்லாகவே புழங்குகிறது.

படிவம் அந்தந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்திற்குச் செல்லும். அங்கிருந்து அலகாபாத்தில் இருந்த பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஓய்வூதிய அலுவலகத்திற்குப் போகும். அவ்வலுவலகத்தோடு இணைந்த மருத்துவ ஆலோசகர் கோப்பை மட்டும் படித்து, மருத்துவ வாரியம் நோயாளியை நேரில் பார்த்து எழுதிய கருத்தையே மாற்றும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. கோரிக்கை மறுக்கப்பட்டால் ஆறு மாதங்களுக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் மறுக்கப்பட்டால் பாதுகாப்பு அமைச்சகத்தின் குழுவிடம் இரண்டாம் மேல்முறையீடு என்று வழி நீளும். இரண்டுமே தில்லியில் முடிவாகும். எழுத்தர் உதவியின்றித் தம் வழக்கைத் தாமே எழுத முடியாத ஒருவர், ஆங்கிலத்தில் அச்சான மறுப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வழியைக் கடக்க வேண்டும்.

மறுப்பின் பொருள் என்ன என்பதையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். சிப்பாய்க்குச் சாதாரண ஓய்வூதியம் கிடைக்க 15 ஆண்டுப் பணி வேண்டும். பணியோடு தொடர்பில்லாத நோயால் விடுவிக்கப்படுபவர் 10 ஆண்டு நிறைத்திருந்தால்தான் நலிவு ஓய்வூதியம் பெறுவார் என்பதே நெடுநாளைய விதி. நிறையாதவர்க்கு ஒருமுறை வழங்கும் பணிக்கொடையோடு சரி. ஆகவே, எட்டாவது ஒன்பதாவது ஆண்டில் வெளியேறும் இளைஞருக்கு 'விளைந்ததும் அன்று, மிகுந்ததும் அன்று' என்ற ஒற்றை வரி, மாத வருமானம் அனைத்தையும் மறுக்கும் வரியாக அமைந்தது. 10 ஆண்டு வரம்பு 2020இல்தான் தளர்த்தப்பட்டது.

3. நீதிமன்றத்தின் வாயிலில்

1993இல் முன்னாள் சாப்பர் மொகிந்தர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் முதல் தடையை அகற்றியது. உயர்நிலை மருத்துவ வாரியம் நோயாளியை மீண்டும் பரிசோதிக்காமல், ஓய்வூதிய அலுவலகம் தன்னிச்சையாக முந்தைய வாரியத்தின் கருத்தைப் புறந்தள்ள முடியாது என்று அது கூறியது. ஆயினும் அடுத்த இருபது ஆண்டுகளில் வந்த தீர்ப்புகள் ஒரே திசையில் செல்லவில்லை. 2007இல் கேசர் சிங் வழக்கு போன்றவற்றில் மருத்துவ வாரியத்தின் கருத்துக்கே முதன்மை தரப்பட்டது. வாரியம் காரணம் எழுதியதா என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டது.

தாமதத்தின் விலையை 2008ஆம் ஆண்டின் தர்சேம் சிங் வழக்கு காட்டுகிறது. 1983இல் விடுவிக்கப்பட்ட அவர் 1999இல்தான் நீதிமன்றத்தை அணுகினார். ஓய்வூதிய மறுப்பு மாதந்தோறும் தொடரும் தவறு என்பதால் வழக்குக் காலம் கடந்ததாகாது என்று உச்சநீதிமன்றம் ஏற்றது. நிலுவைத் தொகையையோ வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே வரையறுத்தது. உரிமை நிலைத்தது. ஆனால் ஏறத்தாழ 13 ஆண்டுப் பணம் கரைந்தது. மறுப்புக் கடிதத்தை ஊழ்வினை என்று ஏற்று ஊருக்குப் போய்விட்டவர்களே இவ்விதியால் மிகுதியும் இழந்தனர்.

2007இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் இயற்றப்பட்டது. 2009 ஆகஸ்டில் தீர்ப்பாயம் செயல்படத் தொடங்கியது. உயர்நீதிமன்றங்களில் தேங்கிய வழக்குகள் அதற்கு மாற்றப்பட்டன. ஓய்வுபெற்ற படை அதிகாரி ஒருவரும் நீதிபதி ஒருவரும் சேர்ந்து அமரும் இவ்வமைப்பு, படைவீரர்க்கு எளிதான, விரைவான நீதியைத் தரும் என்பது நோக்கம். பல அமர்வுகள் அந்நோக்கத்தை நிறைவேற்றவும் செய்தன. ஆனால் பெங்களூருவின் நிலப்பரப்பில் நின்று பார்த்தால் வேறொரு காட்சியும் தெரிகிறது. 2009க்கு முன் அல்சூரிலோ சிவாஜிநகரிலோ வாழ்ந்த ஒரு முன்னாள் வீரர், கப்பன் பூங்காவை ஒட்டிய உயர்நீதிமன்றத்தில் தம் ரிட் மனுவைத் தாக்கல் செய்ய முடிந்தது. தீர்ப்பாயத்தின் எல்லை வகுப்பில் தமிழ்நாடு சென்னை அமர்வுக்கும், கர்நாடகம் கேரளத்தோடு சேர்ந்து கொச்சி அமர்வுக்கும் ஒதுக்கப்பட்டன. மதராஸ் இன்ஜினியர் குரூப், பாராசூட் படைப்பிரிவுப் பயிற்சி மையம், பயனியர் படைப் பயிற்சி மையம், இராணுவக் காவல் படை மையம் ஆகியவற்றையும் விமானப்படையின் கமாண்டு மருத்துவமனையையும் தன்னகத்தே கொண்ட நகரத்திற்கு, அதற்குரிய தீர்ப்பாயத்தின் இருக்கை ஏறத்தாழ 550 கிலோமீட்டருக்கு அப்பால் அமைந்தது.

2015இல் ஸ்ரீகாந்த் சர்மா வழக்கில், தீர்ப்பாயத்தின் ஆணைகளை உயர்நீதிமன்றத்தில் எதிர்ப்பதற்கில்லை என்று உச்சநீதிமன்றம் கூறியபோது அவ்வழி மேலும் குறுகியது. உச்சநீதிமன்றத்திற்கோ பொது முக்கியத்துவம் வாய்ந்த சட்டப் பிரச்சினை இருந்தால்தான் உரிமையோடு கூடிய அனுமதி கிட்டும். ஒரு சிப்பாயின் செவிட்டுத்தன்மை அவருக்கு வாழ்நாள் பிரச்சினை. அது பொது முக்கியத்துவம் உடையதென்று நிறுவுவது எளிதன்று. 2023 மார்ச்சில் பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் இக்கருத்து கைவிடப்பட்டு, உயர்நீதிமன்றங்களின் ரிட் அதிகாரம் மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் தீர்ப்பாயத்தோடு தம் வழக்கு முடிந்ததென்று ஒதுங்கியோர் பலர்.

4. தரம்வீர் சிங்

2013 ஜூலை 2 அன்று நீதிபதிகள் ஏ.கே. பட்நாயக், எஸ்.ஜே. முகோபாத்யாயா ஆகியோர் வழங்கிய தீர்ப்பு இவ்வரலாற்றின் திருப்புமுனை. தரம்வீர் சிங் 1985 ஜூனில் சிக்னல் படையில் சேர்ந்தவர். வலிப்பு நோயால் 1994 ஏப்ரலில் விடுவிக்கப்பட்டார். 10 ஆண்டு நிறைய ஓராண்டுக்கு மேல் எஞ்சியிருந்தது. இயலாமை 20 விழுக்காடு என்று மதிப்பிட்ட மருத்துவ வாரியம், நோய் பணியோடு தொடர்பற்றது என்றும் எழுதியது. இமாச்சலப் பிரதேச உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி அவருக்கு ஓய்வூதியம் வழங்கினார். இருவர் அமர்வு அதை நீக்கியது.

உச்சநீதிமன்றம் புதிய கோட்பாடு எதையும் படைக்கவில்லை. 1982ஆம் ஆண்டின் விதிகளை வரிசையாக எடுத்து வாசித்தது. சேரும்போது நோய் பதிவாகவில்லை. ஆகவே அவர் நலமாக இருந்தார் என்ற அனுமானம் எழுகிறது. அந்த அனுமானத்தை உடைக்கும் பொறுப்பு அரசினுடையது. பரிசோதனையில் முன்பே ஏன் கண்டறிய முடியவில்லை என்பதற்கு வாரியம் காரணம் எழுதவில்லை. காரணமற்ற கருத்து அனுமானத்தை உடைக்காது. எனவே ஐயத்தின் பலன் வீரருக்கே. மூன்று பத்தாண்டுகளாகப் புத்தகத்தில் இருந்த விதி, வாசிக்கப்பட்டதனால் உயிர்பெற்றது.

அதன் தொடர்ச்சியாக வந்த தீர்ப்புகளும் அத்திசையில் சென்றன. 2014இல் சுக்விந்தர் சிங் வழக்கில் நீதிமன்றம் எளிய தர்க்கம் ஒன்றை முன்வைத்தது. இயலாமை 20 விழுக்காட்டுக்குக் குறைவு என்றால் ஒருவரைப் பணியில் வைத்திருக்க வேண்டும், விடுவித்துவிட்டு ஓய்வூதியத்திற்கு மட்டும் குறைவு என்று கூற முடியாது. அதே ஆண்டு டிசம்பரில் ராம் அவதார் வழக்கில், 1996 முதல் நடைமுறையில் உள்ள விழுக்காட்டு முழுமையாக்கம் (50க்குக் குறைந்தது 50ஆகவும், 50 முதல் 75 வரை 75ஆகவும், அதற்கு மேற்பட்டது 100ஆகவும்) பணிக்காலம் முடித்து ஓய்வுபெற்றோருக்கும் உண்டு என்றது. 2015 பிப்ரவரியில் ராஜ்பீர் சிங் வழக்கோடு சேர்ந்து வந்த அரசின் மேல்முறையீடுகள் தள்ளுபடியாயின. அவ்வாண்டு பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் அமைத்த வல்லுநர் குழு, இத்தகைய வழக்குகளை அரசு தொடர்ந்து மேல்முறையீடு செய்வதைக் கைவிட வேண்டும் என்றே பரிந்துரைத்தது. ஆயினும் மேல்முறையீடுகள் நிற்கவில்லை. 2025 ஜூலையில் தில்லி உயர்நீதிமன்றம், தீர்ப்பாய ஆணைகளை எதிர்த்து அரசு தொடுத்த ஏறத்தாழ 300 மனுக்களை ஒருசேரத் தள்ளுபடி செய்தது.

இங்கே 'மேல்முறையீடு' என்ற சொல்லின் பொருள் தலைகீழாவதைக் காணலாம். முதலில் அது மறுக்கப்பட்ட வீரர் அரசிடம் செய்வதாக இருந்தது. பின்னர் வென்ற வீரரை எதிர்த்து அரசு செய்வதாக மாறியது. முன்னதில் வீரருக்கு ஆறு மாதக் கெடு இருந்தது. பின்னதில் அவருக்குத் தேவைப்பட்டது காத்திருக்கும் ஆயுள்.

5. மறுதரப்பு

அரசின் அச்சத்தை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. பணிக்காலத்தில் தோன்றும் நோய் அனைத்தும் பணியால் தோன்றியதாகாது. நாற்பது வயதைக் கடந்த எந்த மக்கள்தொகையிலும் உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் காணப்படும். 2023இல் வெளியான இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, இயலாமை ஓய்வூதியத்தில் வாழ்க்கைமுறை நோய்கள் பெறும் இடத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த புதிய உரிமை விதிகள், நோயுடன் பணியைத் தொடர்ந்து ஓய்வுபெறுவோர்க்கு 'குறைபாட்டு நிவாரணம்' என்ற தனி வகையை உருவாக்கி, வரையறைகளை இறுக்கின. அதற்கு முன்பே 2008ஆம் ஆண்டின் விதிகள், ஓய்வுபெற்று 15 ஆண்டுகளுக்குப் பின் கோருவோர்மீது மெய்ப்பிக்கும் பொறுப்பை ஏற்றியிருந்தன.

மனநோயைப் பொறுத்தவரை நீதிமன்றமே இருவேறு குரலில் பேசியது. 2013இல் வீர்பால் சிங் வழக்கில், மனப்பிளவு நோய் பிறவியிலேயே அமைந்தது என்று வாரியம் எழுதிய ஒற்றை வரியை ஏற்க மறுத்து மறுபரிசோதனைக்கு ஆணையிட்டது. 2019இல் நர்சிங் யாதவ் வழக்கில், இத்தகைய நோயைச் சேர்க்கைக்கால வழக்கமான பரிசோதனையில் கண்டறிய முடியாது என்ற அடிப்படையில் ஓய்வூதியத்தை மறுத்தது. 2025 மே மாதம் ராஜுமோன் வழக்கில் மீண்டும் காரணத்தின் இன்றியமையாமையை வலியுறுத்தியது. மூன்றையும் சேர்த்து வாசித்தால் முரண்பாட்டுக்கு அடியில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. மருத்துவர் காரணம் எழுதினால் நீதிமன்றம் அவர் கருத்தை மதிக்க முனைகிறது. எழுதாவிட்டால் விதியின் அனுமானத்திற்குத் திரும்புகிறது.

ஆகவே, தாராளமா இறுக்கமா என்ற அளவில் இச்சிக்கல் முடிவதில்லை. போலிக் கோரிக்கையை விலக்கவும் உண்மையானதை ஏற்கவும் அரசின் கையில் இருக்கும் கருவி ஒன்றே. அது மருத்துவ வாரியத்தின் படிவத்தில் காரணம் எழுதுவதற்கென்று உள்ள இடம். அந்த வீரர் எந்த உயரத்தில், எத்தனை குளிர்காலம், எத்தகைய ஓசைக்கும் தூக்கமின்மைக்கும் நடுவே பணியாற்றினார், குடும்பத்தில் இந்நோய் உண்டா, முதல் அறிகுறி எங்கே தோன்றியது என்பதை ஐந்தாறு வரிகளில் எழுதினால் பாதி வழக்குகள் தோன்றவே மாட்டா. எழுதப்படாத அவ்வரிகளுக்குப் பதிலாகத்தான் இருபது ஆண்டு வழக்குகளும் ஆயிரக்கணக்கான பக்கத் தீர்ப்புகளும் எழுதப்பட்டன.

6. ஆவணமாக ஒரு படிவம்

பெங்களூரு பிரிகேட் சாலை முனையில், முதல் உலகப்போரில் மாண்ட மதராஸ் பயனியர்களுக்கு ஒரு நினைவுத்தூண் உண்டு. போக்குவரத்துக்கு நடுவே அதைக் கடந்து செல்வோர் அதன்மீது பொறித்த போர்க்களங்களின் பெயர்களை வாசிக்கலாம். களத்தில் வீழ்ந்தோரைக் கல் நினைவில் வைக்கிறது. களத்திலிருந்து நோயோடு திரும்பியோரை நினைவில் வைத்திருப்பது ஆவண அலுவலகத்தின் கோப்பு மட்டுமே.

நடுகல் மரபைப் பற்றி மிகுதியாக எழுதும் தமிழ் ஆய்வுலகம் இக்கோப்புகளின் பக்கம் இன்னும் போதிய அளவு திரும்பவில்லை. தென்னிந்தியச் சிற்றூர்களிலிருந்து சென்ற ஒரு தலைமுறையின் உடல்நல வரலாறு மருத்துவ வாரியப் படிவங்களிலும் மேல்முறையீட்டு மனுக்களிலும் மறுப்புக் கடிதங்களிலும் உறைந்து கிடக்கிறது. சேரும் நாளின் எடை, உயரம், மார்பளவு ஆகியவை ஒரு தாளில் இருக்கும். வெளியேறும் நாளின் நோயும் விழுக்காடும் மற்றொரு தாளில் இருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளுக்கு என்ன பெயரிடுவது என்பதே வழக்கு. முதல் தாளில் குறை எதுவும் இல்லையென்று கையொப்பமிட்டது அரசின் மருத்துவர். அக்கையொப்பத்திற்கு அரசு கட்டுப்பட வேண்டும் என்பதற்கு மேல் 1982ஆம் ஆண்டின் விதியும் கேட்கவில்லை, தரம்வீர் சிங் வழக்கும் கேட்கவில்லை.